டி டிரைவ் காப்பாற்றாது

“டி டிரைவ்ல இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. சி-யை மட்டும்தான் ஃபார்மட் அடிப்பேன்.”

கணினி சர்வீஸ் கடைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவரும் வாக்குறுதி இது. அதில் பொய் இருந்ததில்லை. எக்ஸ்பி காலத்தில் 40 ஜி.பி., 80 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, சி-யில் விண்டோஸ், டி-யில் நம் கோப்புகள் என்று வைத்துக்கொண்டோம். வைரஸ் பிடித்தால் சி-யைத் துடைத்துவிட்டு ஓ.எஸ். போட்டால் போதும், அரை நாளில் டி.டி.பி. சென்டர் மறுபடி வேலைக்குத் திரும்பிவிடும். ஸ்டுடியோக்காரர்கள், அச்சகத்தார், ஆடிட்டர் அலுவலகத்தார், பள்ளி எழுத்தர்கள் என்று ஒரு தலைமுறையே இந்தப் பழக்கத்தை நம்பித் தொழில் செய்தது. பேக்கப் என்று தனியாக ஒன்று எடுக்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வராமல் போனதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலை 29-இல் வெளிவந்து பத்தாண்டுகள் ஓடிய ஓ.எஸ். அது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரலில். இந்த மூன்றும் இன்னும் நம் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இப்போது அவற்றையெல்லாம் மாற்றும் வேலை நடக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது, மாற்றுவதற்கு முந்தைய வேலையைப் பற்றி. ஏனென்றால் இந்த முறை டி டிரைவும் சேர்ந்தே போகக்கூடும்.

காரணம் எளிமையானது. பழைய கணினிகளில் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு எம்.பி.ஆர். என்னும் முறையில் டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் 11 எதிர்பார்ப்பது யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்கும் கணினியை. அதற்கு டிஸ்க் ஜி.பி.டி. முறையில் இருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் எம்.பி.ஆர். முறையிலேயே விண்டோஸ் 10 போடப்பட்ட கணினிகள் ஏராளம். அத்தகைய கணினியில் விண்டோஸ் 11 பென் டிரைவைச் செருகி, சி-யைத் தேர்ந்தெடுத்து அடுத்த பொத்தானை அழுத்தினால், ‘இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது’ என்ற செய்தி வரும். அவசரத்தில் இருக்கும் கைக்குத் தெரிந்த குறுக்கு வழி, கறுப்புத் திரையைத் திறந்து ‘டிஸ்க்பார்ட்’ நிரலில் ‘கிளீன்’ என்று ஒரு சொல்லைத் தட்டுவது. அந்தச் சொல் சி-யை மட்டும் துடைப்பதில்லை. முழு டிஸ்க்கின் பிரிவினைக் குறிப்பையும் அழித்துவிடும். சி, டி, ஈ எல்லாம் ஒரே நொடியில் ‘ஒதுக்கப்படாத இடம்’ ஆகிவிடும்.

டிஸ்க்கை அழிக்காமலே ஜி.பி.டி.க்கு மாற்றும் கருவியை மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் 10-க்குள் வைத்திருக்கிறது, ‘எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.’ என்று பெயர். ஆனால் டிஸ்க்கில் மூன்று முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் இருந்தால் அது வேலை செய்யாது. சிஸ்டம் பகுதி, சி, டி, ஈ என்று நான்காகப் பிரித்து வைத்திருந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். லினக்ஸ் பக்கம் போகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போடும்போது ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்று வரும் தேர்வு முழு டிஸ்க்கைத்தான் சொல்கிறது.

போனதை மீட்கலாம்தானே என்பார்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்து, அதன்மேல் வேறெதுவும் எழுதப்படாமலும் இருந்தால், ‘டெஸ்ட்டிஸ்க்’ போன்ற இலவசக் கருவியால் பிரிவுகளைத் தேடி எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் நிலைமை வேறு. ஃபார்மட் செய்தவுடன் ‘இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். டிஸ்க்கும் தன் பங்குக்கு அந்த இடத்தைக் காலி செய்யத் தொடங்கிவிடும். மீட்பு நிலையத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அப்படிப் போனது பெரும்பாலும் போனதுதான்.

பத்தாயிரத்தில் ஒருவர்

சர்வீஸ்காரரின் கை தவறினால் மட்டும்தான் கோப்பு போகும் என்பதில்லை. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு 1809 என்ற பதிப்பை வெளியிட்டது. நான்கே நாளில் அதை நிறுத்தியும் வைத்தது. புதுப்பித்த சிலருடைய ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் இருந்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. காரணத்தைப் பிறகு அந்த நிறுவனமே விளக்கியது. சிலர் டாக்குமென்ட்ஸ் கோப்புறையின் இருப்பிடத்தை சி-யிலிருந்து வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் பழைய இடத்திலேயும் சில கோப்புகள் தங்கியிருந்தன. அந்தப் பழைய கோப்புறை இனித் தேவையற்றது என்று எண்ணிப் புதுப்பிப்பு அதை உள்ளிருந்தவற்றோடு அழித்துவிட்டது. அதாவது, சி-யில் வைக்கக் கூடாது என்று கவனமாக இருந்தவர்கள்தான் அதில் மாட்டினார்கள். புதுப்பித்தவர்களில் புகார் செய்தவர்கள் நூற்றில் ஒரு பங்கின் நூற்றில் ஒரு பங்கு என்றது மைக்ரோசாஃப்ட். பத்தாயிரத்தில் ஒருவர் என்பது அதன் பொருள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்த ஒருவர் தன் பத்தாண்டுப் புகைப்படங்களை இழந்தவராக இருந்தால் அவருக்கு அது முழு இழப்பு. குறையைச் சரிசெய்து அந்தப் பதிப்பை நவம்பர் 13-இல்தான் மறுபடி வெளியிட்டார்கள்.

அப்படியானால் எதுவும் செய்யாமல் பழைய ஓ.எஸ்.ஸிலேயே இருந்துவிடலாமா? கூடாது. ஆதரவு முடிந்த கணினி அன்றே நின்றுபோவதில்லை, எப்போதும்போல் ஓடும். அதன் ஓட்டைகளை அடைப்பதற்கு மட்டும் யாரும் இருக்கமாட்டார்கள். 2017 மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்குத் திருத்தம் வந்திருந்தது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பி-க்குத் தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசரத் திருத்தம் கிடைத்தது. விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு இன்னும் ஓர் இடைவெளி உண்டு. வீட்டுப் பயன்பாட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கட்டணம் 30 டாலர். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. அந்த அவகாசத்தைப் படியெடுக்கும் வேலைக்குப் பயன்படுத்துவது நல்லது. அவசரமாகச் செய்யும் பேக்கப்பில்தான் எதையாவது விட்டுவிடுவோம்.

கோப்பு வந்தது, எழுத்து வரவில்லை

தமிழில் வேலை செய்பவர்களுக்கென்று தனியாக ஒரு கவலை இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் பேக்கப் வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது. கோப்பை மட்டும் எடுத்துவைத்தால் நமக்குப் போதாது. எழுத்துருவையும் எடுக்க வேண்டும்.

தமிழ் யுனிகோடில் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அது நம் மேசைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை, அச்சகங்களில் அதற்குப் பின்னும், தமிழ் என்று நாம் தட்டியதெல்லாம் உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தான். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஓர் அடுக்கு வைத்துக்கொண்டது. வானவில் ஒரு விதம், ஸ்ரீலிபி ஒரு விதம். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடமும் பரவிய பாமினி வேறொரு விதம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியீடுகளைத் தமிழக அரசு தரப்படுத்தியது. இணையத்தில் இயங்கியவர்கள் டிஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கிக்கொண்டார்கள். 2010-இல் அரசு யுனிகோடை ஏற்றது. அதற்குள் லட்சக்கணக்கான பக்கங்கள் பழைய எழுத்துருக்களில் உருவாகிவிட்டன. கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக மலர்கள், சிற்றிதழ்கள், பள்ளி ஆண்டு மலர்கள், முனைவர் பட்ட ஆய்வேடுகள், அரசு அலுவலகக் கடிதங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால், பாமினியில் தட்டிய ‘அம்மா’ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்துருதான் பழைய கணினியோடு போய்விட்டது.

எழுத்துருக்களை எங்கிருந்து எடுப்பது? சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். பலர் அதை எடுத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலே சொன்ன 1809 பதிப்பிலிருந்து இன்னோர் இடமும் சேர்ந்துகொண்டது. அட்மின் அனுமதி இல்லாமல் ஒருவர் தனக்காக மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அவருடைய பயனர் கோப்புறைக்குள், மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’வின் உள்ளே போய் உட்காரும். இரண்டு இடங்களையும் எடுக்க வேண்டும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து பழகிய ‘லதா’கூட விண்டோஸ் 10 முதல் தானாக வருவதில்லை, கூடுதல் தமிழ் எழுத்துருக்கள் என்ற பெயரில் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். லதாவில் பக்கம் அமைத்தவர்கள் புதிய கணினியில் வரிகள் இடம் மாறி நிற்பதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

அடுத்தது பேஜ்மேக்கர். தமிழ் அச்சுத் தொழிலை இரண்டு தலைமுறைக்குத் தாங்கி நின்ற மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அடோபி நிறுவனம் அதற்குப் பதிலாக இன்டிசைனைக் கொண்டுவந்தது. பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் வசதி அதில் 2012-இல் வந்த சி.எஸ்.6 வரை இருந்தது. பிறகு வந்தவற்றில் இல்லை. 2023 ஜனவரியில், ‘டைப் 1’ என்னும் பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோபி நிறுத்திவிட்டது. ஆக, பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் பத்திரமாகப் பென் டிரைவில் வைத்திருப்பவரிடம் இருப்பது பாதிதான். அதைத் திறக்கும் மென்பொருளும், அதற்கான எழுத்துருவும், சில தமிழ் மென்பொருள்களுக்குச் செருக வேண்டிய டாங்கிளும், அந்த டாங்கிளை அடையாளம் காணும் டிரைவரும் சேர்ந்தால்தான் அது முழுமை. பழைய டாங்கிள்களின் டிரைவர் விண்டோஸ் 11-இல் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஆகவே பழைய கணினி இன்னும் உயிரோடு இருக்கும்போதே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முக்கியமான ஒவ்வொரு கோப்பையும் அங்கேயே திறந்து, எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக மாற்றிவையுங்கள். பக்கத்தின் தோற்றம் அதில் பிழைத்துவிடும். எழுத்து பிழைக்காது, அந்த பி.டி.எஃப்.பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் பழைய குப்பையே வரும். அதனால் உரையைத் தனியாக எடுத்து யுனிகோடுக்கும் மாற்ற வேண்டும். நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் ஆகியவை இதற்கென்றே உருவானவை. மாற்றியதை மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள். நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் கருவி அவற்றையும் தமிழென்று எண்ணி மாற்றிவிடும். ஊர்ப் பெயரும் தொலைபேசி எண்ணும் சிதைந்து நிற்கும்.

இப்படி மாறிக்கொண்டே பிழைத்ததற்கு நம்மிடமே நல்ல சான்று உண்டு. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை தன்னார்வலர்களைக் கொண்டு தட்டெழுதி இலவசமாகத் தந்தது. டிஸ்கியில் செய்து வைத்த நூல்களை அவர்கள் பின்னர் யுனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய குறியீட்டைப் படிக்கும் கருவிகள் புழக்கத்தில் இருந்த காலத்திலேயே அதைச் செய்தார்கள். அந்த நேர உணர்வுதான் இன்று அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் வேண்டியிருக்கிறது.

சி-யில் ஒளிந்திருப்பவை

‘என் கோப்புகள் எல்லாம் டி-யில்தான்’ என்று சொல்பவரின் டெஸ்க்டாப்பைப் பாருங்கள். பாதி வாழ்க்கை அங்கே கிடக்கும். டெஸ்க்டாப் என்பது சி டிரைவ். டவுன்லோட்ஸும் சி டிரைவ்தான். டேலி பிரைம் தன் கணக்குகளை, இடத்தை மாற்றிச் சொல்லாவிட்டால், சி-யில் ‘பப்ளிக்’ கோப்புறைக்குள்தான் வைக்கிறது. டேலிக்கு உள்ளேயே பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. அதையும் எடுங்கள், தரவுக் கோப்புறையை அப்படியே ஒரு முறை நகலும் எடுங்கள். பழைய டேலி ஈ.ஆர்.பி. 9-இல் இருந்த கணக்கைப் பிரைமில் ஒருமுறை மாற்றித் திறந்துவிட்டால் அது பழைய பதிப்புக்குத் திரும்பாது. மாற்றுவதற்கு முந்தைய நகல் கையில் இல்லையென்றால் பின்வாங்க வழியில்லை.

அவுட்லுக்கில் மின்னஞ்சல் பார்ப்பவர்களின் பழைய கடிதங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பி.எஸ்.டி. கோப்பில் இருக்கும். குரோமில் சேமித்த கடவுச்சொற்களை, அதன் கோப்புறையை நகலெடுத்து மீட்க முடியாது. அவை அந்த விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. குரோம் திறந்திருக்கும்போதே ஏற்றுமதி செய்து கொள்ள வேண்டும். ஆஃபீஸ் மென்பொருளின் சாவி எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டாம். சான்றிதழ் டோக்கனுக்குள் இருக்கிறது, டிரைவரை மட்டும் தேடி வைத்துக்கொண்டால் போதும்.

பழைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங் நிரலை இன்னும் ஓட்டும் மளிகைக் கடைகளும் லாரி புக்கிங் அலுவலகங்களும் உண்டு. 32 பிட் விண்டோஸில் மட்டும் ஓடும் நிரல்கள் அவை. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அவர்கள் தரவுக் கோப்புகளை எடுத்தால் மட்டும் போதாது. மாற்று ஏற்பாடு ஒன்று ஓடத் தொடங்கும்வரை அந்தக் கணினியைத் தொடவே கூடாது.

ஒன்டிரைவில் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு சொல். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டும் அடிப்படையில் ஒத்திசைவுக்கானவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில வாரம் கிடந்துவிட்டுப் போய்விடும். இலவச இடமும் முறையே 5 ஜி.பி., 15 ஜி.பி. தான். ஒரு கல்யாண ஆல்பத்துக்கே அது போதாது.

எடுக்கும் விதம்

எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் கேபிளைச் செருகி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் காப்பி-பேஸ்ட் செய்வதுதான் வழக்கம். பழைய டிஸ்க்குக்கு அது கடும் சோதனை. பல ஆண்டுகளாகத் தொடப்படாத மூலைகளையெல்லாம் ஒரே மூச்சில் படிக்கச் சொல்கிறோம். பலவீனமான டிஸ்க் அந்த நேரத்தில்தான் படுக்கும். முதலில் ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ போன்ற இலவசக் கருவியால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். டக் டக் என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் நிரலை ஓட்டுவது நோயாளியை ஓடச் சொல்வதற்குச் சமம். நல்ல நிலையில் இருந்தாலும் மறுபடி உருவாக்கவே முடியாதவற்றை முதலில் எடுங்கள். படங்கள், கணக்கு, எழுதியவை முதலில். சினிமாவும் மென்பொருளும் கடைசியில்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் எந்த ஃபார்மட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. கல்யாண வீடியோக்கள் இதில்தான் விடுபடும். எக்ஸ்பி கணினியிலிருந்து எடுப்பதாக இருந்தால் எக்ஸ்ஃபேட்டும் சிக்கல். தனித் திருத்தம் ஒன்றை நிறுவாவிட்டால் எக்ஸ்பி அதைப் படிக்காது. என்.டி.எஃப்.எஸ். தான் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் பக்கம் போன பென் டிரைவ்களுக்கு நன்கு தெரிந்த நோய் ஷார்ட்கட் வைரஸ். அது கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை நிறுத்திவைக்கும். நாம் படியெடுப்பது அந்த ஓரிரு கே.பி. ஷார்ட்கட்டுகளை மட்டும்தான், உண்மையான கோப்புறை மறைந்தபடியே பழைய டிஸ்க்கில் தங்கிவிடும். பிறகு ஃபார்மட் அடித்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே படியெடுத்தபின் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். 60 ஜி.பி. இருந்த இடத்திலிருந்து 60 எம்.பி. வந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். படியெடுத்து முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். வான்னாக்ரை போன்றவை செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

கோப்புகளைத் தவிர, முழு டிஸ்க்கையும் ஒரு பிம்பமாக எடுத்துவைப்பது இரண்டாவது காப்பு. குளோன்ஜில்லா, ரெஸ்க்யூஜில்லா இரண்டும் இலவசம். பென் டிரைவிலிருந்தே ஓடும். எதை விட்டுவிட்டோம் என்று நமக்கே தெரியாதபோது இந்தப் பிம்பம் கைகொடுக்கும். எழுத்துருவும் நிரலும் அமைப்புகளும் எல்லாம் அதில் இருக்கும்.

எத்தனை படி வேண்டும்? பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், படங்களைப் பாதுகாப்பது பற்றிய தன் புத்தகத்தில் சொன்ன கணக்கு உலகெங்கும் பரவியிருக்கிறது: மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கடையில் இருக்கும் கணினி, கடையில் ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க், வீட்டில் இன்னொன்று என்றாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். அந்த ‘வேறு இடம்’ ஏன் முக்கியம் என்பதைத் தென்கொரியா அண்மையில் கண்டது. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி டேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. வெளியே அதற்குப் படி இல்லை. கணினியில் வைக்காமல் அங்கே சேமியுங்கள் என்று சொல்லப்பட்டு, அதன்படி நடந்த ஊழியர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

வேறு கணினியில் திறந்து பாருங்கள்

2017 ஜனவரி 31 இரவு. நிரலாளர்கள் உலகெங்கும் நம்பிப் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில், களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். அவர் உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜி.பி. தரவு 4.5 ஜி.பி. ஆகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தபோதுதான் எதுவும் சரியாக ஓடவில்லை என்பது தெரிந்தது. அன்றாடம் எடுக்கப்பட வேண்டிய படி, மென்பொருள் பதிப்பு பொருந்தாததால், சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததையெல்லாம் அந்த நிறுவனம் ஒளிக்காமல் வெளியே சொன்னது பாராட்டுக்குரியது.

தேர்ந்தவர்களுக்கே அப்படி. நம் வேலையில் இந்தச் சோதனை கடினமே இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வேறொரு கணினிக்குப் போங்கள். அந்த எழுத்துருக்கள் இதுவரை நிறுவப்படாத கணினியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துவைத்த எழுத்துருவை அங்கே நிறுவுங்கள். பழையதில் இரண்டு, புதியதில் இரண்டு, பெரியதில் ஒன்று என்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். டேலி பேக்கப்பை மீட்டு, சென்ற மாத இருப்பு சரியாக வருகிறதா என்று பாருங்கள். வீடியோவைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப் பாருங்கள். இது முடியும்வரை பழைய கணினியில் எந்தப் பொத்தானையும் யாரையும் தொட விடாதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

பிறகு ஓ.எஸ். மாற்றும் நாள். என் கருத்தில் சிறந்த வழி, பழைய டிஸ்க்கைத் தொடாமலே விடுவது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, புதிதாக ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கி அதில் புதிய ஓ.எஸ். போடச் சொல்லுங்கள். 256 ஜி.பி.யே போதும். கணினியின் வேகமும் கூடும். ‘கிளீன்’ என்று தட்டினாலும் இழக்க அதில் எதுவும் இருக்காது. இருக்கும் டிஸ்க்கிலேயே புதுப்பிப்பவர்கள், விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மேலேறிய பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் அடித்துப் போட்டால் அந்த வசதி கிடையாது. விண்டோஸ் 7-இலிருந்து 11-க்குப் போகிறவர்களுக்குப் புதிதாக நிறுவுவது ஒன்றே வழி. மடிக்கணினிகளில் இன்னொன்று: பிட்லாக்கர் என்ற பூட்டு நமக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கலாம். பயோஸில் கை வைத்ததும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்னரே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பேஜ்மேக்கரை விட முடியாத அச்சகத்தாருக்கு ஒரு வழி உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ‘டிஸ்க்2விஎச்டி’ என்று ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியின் டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக மாற்றித்தரும். அந்தக் கோப்பை விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் கொடுத்தால், பழைய விண்டோஸ் 7 புதிய கணினிக்குள் ஒரு சாளரத்தில் எழுந்து நிற்கும். எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் இருந்த இடத்திலேயே இருக்கும். உரிமச் சாவியை அது மறுபடி கேட்கலாம், டாங்கிள் தகராறு செய்யலாம். பழைய கணினியை அகற்றுமுன் ஓட்டிப் பாருங்கள். அந்தச் சாளரத்துக்கு இணைய இணைப்பு கொடுக்காதீர்கள்.

கழற்றிய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடவும் வேண்டாம், சிசிடிவி பெட்டிக்குப் போட்டுவிடவும் வேண்டாம். மேலே ஒரு சீட்டு ஒட்டி, எந்தக் கணினி, எந்தத் தேதி, விண்டோஸ் நுழைவுக் கடவுச்சொல் என்ன என்று எழுதி, பீரோவில் வையுங்கள். நம் தொழில்களில் பல கோப்புகளை ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கிறோம். பள்ளிக்கு மார்ச்சில், ஆடிட்டருக்கு ஜூலையில், பட்டாசுக் கடை நோட்டீஸுக்குத் தீபாவளிக்கு முன், நாள்காட்டி அச்சிடும் சிவகாசிக்காரருக்கு ஆடி மாதத்தில். விடுபட்டது எது என்பது அந்தந்தப் பருவத்தில்தான் தெரியும். அப்படி ஒரு முழு ஆண்டின் வேலையும் புதிய கணினியில் நடந்து முடிந்த பிறகு அந்த டிஸ்க்கை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.